ஸ்லைடிங் மோட் போட்டதும் மேசை ரீங்காரமிடுகிறது: அதிர்வுத் தடுப்புக்கு நேரியலற்ற கண்ட்ரோல் எப்போது உதவும்?

கிரானைட்_மாணவன்

வணக்கம். கண்ட்ரோல் தெரிந்தவர்கள் யாராவது பார்த்து வழி சொல்லுங்கள், ரொம்ப நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

எங்கள் லேபில் பரப்பின் மேடுபள்ளத்தை நானோமீட்டர் அளவில் படிக்கும் கருவி ஒன்று இருக்கிறது. கருவி, ஸ்டேஜ், கிரானைட் பலகை எல்லாம் சேர்த்து 120 கிலோ, நான்கு ஏர் ஸ்ப்ரிங் தாங்குகிறது. லேப் மூன்றாம் மாடியில். லிஃப்ட் ஓடினால் தெரியும், பக்கத்து அறை கம்ப்ரஸர் ஓடினால் தெரியும், வெளியே லாரி போனால் அதுவும் தெரியும். இயற்கை அதிர்வெண் 3 ஹெர்ட்ஸ் பக்கம். அதைச் சுற்றி தரையின் ஆட்டம் குறைவதற்குப் பதிலாக நாலைந்து மடங்கு பெருகித்தான் மேலே வருகிறது. அதனால் செங்குத்தாக நான்கு வாய்ஸ் காயில் மோட்டார் (ஒலிபெருக்கியில் இருப்பது போல காந்தமும் காயிலும் சேர்ந்து தள்ளுவது), மேசை மேல் ஆட்டத்தின் வேகத்தை அளக்கும் ஜியோஃபோன், 1 கிலோஹெர்ட்ஸில் ஓடும் ஒரு கண்ட்ரோல் போர்டு என்று ஆக்டிவ் ஆக்கினோம்.

மாதிரி வைக்கும் ஸ்டேஜ் 5 கிலோ. அது நகர நகர எடை மையம் மாறும். அதனால் ரோபஸ்டாக, அதாவது மாற்றத்தைத் தாங்குவதாக இருக்கட்டும் என்று என் கைடு ஸ்லைடிங் மோட் (முழு விசையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றித் தள்ளும் கண்ட்ரோல்) போடச் சொன்னார். சிமுலேஷனில் அற்புதமாக இருந்தது. நிஜ மேசையில் 150 ஹெர்ட்ஸ் பக்கம் காதுக்கே கேட்கிற மாதிரி ஒரு ரீங்காரம், படம் முன்பைவிட மோசம். ரிலேக்கு, அதாவது அந்த ஆன்-ஆஃப் தாவலுக்குப் பதில் நடுவில் சாய்கோடு வைத்த பவுண்டரி லேயர் போட்டு அகலப்படுத்தினேன். ரீங்காரம் நின்றது, ஆனால் பழைய பிடி (PD: பிழைக்கும் அது மாறும் வேகத்துக்கும் ஏற்ப விசை தரும்) கண்ட்ரோலருக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. நேரியலற்ற கண்ட்ரோல் (பிழை இரண்டு மடங்கானால் விசையும் இரண்டு மடங்கு என்று நேர்கோட்டில் போகாத வகை) என்பதெல்லாம் பேப்பரோடு சரியா, இல்லை நான் பார்க்காத ஏதாவது இருக்கிறதா?

ஏர்வால்வு

தம்பி, கண்ட்ரோலர் பேச்செல்லாம் அப்புறம். மேசைக்குப் போகிற கேபிள், ஏர் ட்யூப் எல்லாம் எப்படிப் போகிறது? மோட்டார் கேபிளை இறுக்கிக் கட்டி நேராகத் தரைச் சட்டத்தில் போட்டு கிளிப் அடித்திருந்தால் உன் ஏர் ஸ்ப்ரிங்குக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஸ்ப்ரிங் வைத்த கணக்கு. 120 கிலோ, 3 ஹெர்ட்ஸ் என்றால் மொத்த விறைப்பு மீட்டருக்கு 42,600 நியூட்டன் சொச்சம்தான் வரும். தடித்த கேபிள் கட்டு ஒன்று அதில் கணிசமான பங்கைத் தின்றுவிடும். அதன் உராய்வு வேறு, சின்ன அசைவுக்கு ஒட்டிக்கொள்ளும், பெரிய அசைவுக்கு வழுக்கும். தளர்வாக ஒரு வளையம் விட்டுத் தொங்கவிடு.

அடுத்தது லெவலிங் வால்வு. மெக்கானிக்கல் வால்வுதானே? அதில் ஒரு செத்த இடைவெளி இருக்கும், அதற்குள் வால்வு எதுவும் செய்யாது. ஸ்டேஜ் 10 சென்டிமீட்டர் நகர்ந்தால் 5 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை மாறுகிறது, மேசை சாயும், வால்வு புஸ்ஸென்று காற்றை விடும், தாண்டிப்போகும், திரும்ப இழுக்கும். இந்த மெதுவான ஊசலை கண்ட்ரோலர் தவறு என்று நினைத்து மண்டையை உடைத்துக்கொள்பவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

இன்னொன்று, ஏர் ஸ்ப்ரிங்கே நேர்கோடு கிடையாது. மெதுவாக அமுக்கினால் வெப்பம் வெளியே போய்விடும், ஒரு விறைப்பு. வேகமாக அமுக்கினால் காற்றின் பங்கு விறைப்பு 1.4 மடங்கு வரை ஏறும். மாடலில் ஒரே எண்ணைப் போட்டிருப்பாய், இல்லையா?

நைக்விஸ்ட்_நேசன்

அந்த 150 ஹெர்ட்ஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் நண்பரே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

ஸ்லைடிங் மோட் அடிப்படையில் ஒரு ரிலே. வேகமும் இடப்பெயர்ச்சியும் கலந்த ஒரு எண் நேர்மறையானால் முழு விசை கீழே, எதிர்மறையானால் முழு விசை மேலே. ரிலேயை ஒரு ஃபீட்பேக் வளையத்துக்குள் (அளந்து, திருத்தி, மறுபடி அளப்பது) வைத்தால், வளையத்தின் ஃபேஸ் (அலை எவ்வளவு பின்தங்குகிறது என்ற கோணம்) எங்கே −180 பாகையைத் தொடுகிறதோ கிட்டத்தட்ட அந்த அதிர்வெண்ணில் அது தானாக ஊசலாடும். இது புது விஷயமில்லை. 1984-இல் ஆஸ்ட்ரமும் ஹாக்லண்டும் இதே ஊசலைத்தான் பிஐடியை (பிடியோடு பிழையின் கூட்டுத்தொகையையும் பார்க்கும் கண்ட்ரோலர்) தானாக ட்யூன் செய்யப் பயன்படுத்தினார்கள்.

இப்போது உங்கள் கணக்கு. விசையிலிருந்து வேகத்துக்கு 3 ஹெர்ட்ஸைத் தாண்டி −90 பாகை. மீதி 90 பாகை தாமதத்திலிருந்து வர வேண்டும். 1 கிலோஹெர்ட்ஸ் போர்டில் கணக்கிட ஒரு சாம்பிள் (ஒரு மில்லிசெகண்ட்), வெளியீட்டைப் பிடித்துவைப்பதில் அரை சாம்பிள், ஆக 1.5 மில்லிசெகண்ட். அது 90 பாகை ஆகும் இடம் 167 ஹெர்ட்ஸ். ஆம்பிளிஃபையரும் சென்சார் ஃபில்டரும் இன்னும் கொஞ்சம் இழுத்தால் 150. ஆகவே ரீங்காரம் மர்மம் ஒன்றுமில்லை, உங்கள் சிமுலேஷனில் இந்தத் தாமதம் இல்லை என்பதுதான் விஷயம். தாமதமே இல்லாத மாடலில் ஸ்லைடிங் மோட் எப்போதும் அற்புதமாகத்தான் இருக்கும்.

பவுண்டரி லேயர் போட்டதும் ஏன் பிடி மாதிரி ஆனது? ஏனென்றால் லேயருக்குள் அது பிடியேதான். சாய்கோடு என்றால் ஒரு நிலையான கெயின் (பிழையைப் பெருக்கும் எண்), அவ்வளவு. தரை அதிர்வு மைக்ரான் கணக்கில் இருக்கும்போது மேசை அந்த லேயரை விட்டு வெளியே வருவதே இல்லை. பெயர் மட்டும் ஸ்லைடிங் மோட். சூப்பர்-ட்விஸ்டிங் என்று 1993-இல் லெவன்ட் கொண்டுவந்த வகை தொடர்ச்சியான விசையைத் தருகிறது, ஆட்டம் குறையும், ஆனால் மாடலில் இல்லாத தாமதம் இருந்தால் அதுவும் சின்னதாக ஊசலாடத்தான் செய்யும். ரோபோக் கைக்கு, மோட்டார் டிரைவுக்கு இதெல்லாம் நல்ல ஆயுதம். அதிர்வைத் தடுப்பதற்காகவே இருக்கிற மேசையில் தானே அதிர்வை உண்டாக்கும் கண்ட்ரோலரை வைப்பது எனக்குப் புரியாத பழக்கம்.

கிரானைட்_மாணவன்

167 கணக்கைப் பார்த்து அசந்துவிட்டேன். அப்படியானால் போர்டை 10 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் ஊசல் 1,670க்குப் போய், வீச்சு ஒன்றுமில்லாமல் ஆகிவிடுமா? கேபிள் இறுக்கமாகத்தான் இருக்கிறது, மாற்றுகிறேன். வால்வு மெக்கானிக்கல்தான்.

நைக்விஸ்ட்_நேசன்

வேகத்தின் வீச்சு பத்தில் ஒன்று, இடப்பெயர்ச்சியின் வீச்சு நூறில் ஒன்று ஆகும், காகிதத்தில். நிஜத்தில் கிரானைட் பலகையும் கருவியின் தாங்கு சட்டமும் சில நூறு ஹெர்ட்ஸிலேயே வளைய ஆரம்பித்துவிடும், ரிலே அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு பாடும். 10 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றுவது நல்ல காரியம், ஆனால் ரிலேவுக்காக அதைச் செய்யாதீர்கள்.

சஸ்பென்ஷன்_பாய்

நான் வண்டிப் பக்கம், நானோமீட்டர் எல்லாம் எனக்குக் கண்ணில் படாத உலகம். ஆனாலும் இங்கே யாரும் ஸ்கைஹூக் பற்றிப் பேசாதது ஆச்சரியமாக இருக்கிறது.

சாதாரண டேம்பர் (ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர் மாதிரி) தரைக்கும் மேசைக்கும் நடுவில் இருக்கும். ஒத்ததிர்வை அடக்கும், சரி. ஆனால் தரை வேகமாக நடுங்கும்போது அந்த நடுக்கத்தை மேசைக்குக் கடத்துவதும் அதே டேம்பர்தான். தணிப்பு விகிதம் 0.7 என்று வையுங்கள், இயற்கை அதிர்வெண்ணுக்குப் பத்து மடங்கு மேலே, அதாவது இவருடைய 30 ஹெர்ட்ஸில், தரை ஆட்டத்தில் சுமார் ஏழில் ஒரு பங்கு மேலே வரும். அதே டேம்பரை வானத்தில் ஓர் அசையாத கொக்கியில் மாட்ட முடிந்தால் நூறில் ஒரு பங்குதான் வரும், ஒத்ததிர்வு மேடும் இருக்காது. வானத்தில் கொக்கி இல்லை. ஆனால் மேசையின் தனி வேகத்தை அளந்து (தரையைப் பொறுத்த வேகமல்ல, அசையாத வெளியைப் பொறுத்தது), அதற்கு நேர் எதிராக விசை கொடுத்தால் கொக்கி இருந்த மாதிரியேதான். இவருக்கு அந்த 0.7 கிடைக்க மொத்தம் மீட்டர்/செகண்டுக்கு 3,170 நியூட்டன் அளவு தணிப்பு வேண்டும். மேசை செகண்டுக்கு 50 மைக்ரான் வேகத்தில் ஆடினால் விசை 0.16 நியூட்டன், வாய்ஸ் காயிலுக்கு அது தூசு.

எங்கள் பக்கம் இதை நேரியலற்றதாக்கியது காசுதான். வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் விசை தருகிற மோட்டார் வைத்தால் எடையும் விலையும் கட்டுப்படியாகாது. போஸ் ஒலிபெருக்கி நிறுவனத்தின் அமர் போஸ் 1980-இல் ஆரம்பித்து 2004-இல் காட்டிய மின்காந்த சஸ்பென்ஷன் குழியில் வண்டியை மிதக்க வைத்தது, ஆனாலும் ஷோரூமுக்கு வரவில்லை. அதனால் 1974-லேயே கார்னப்பும் கூட்டாளிகளும் சொன்ன குறுக்குவழியைத்தான் எல்லோரும் பிடித்தார்கள். டேம்பர் சக்தியைத் தராது, இழுத்துக்கொள்ள மட்டும் முடியும். ஆகவே பாடியின் தனி வேகமும், பாடிக்கும் சக்கரத்துக்கும் இடையிலான வேகமும் ஒரே திசையில் இருந்தால் டேம்பரைக் கெட்டியாக்கு, இல்லாவிட்டால் தளர்த்து. இவ்வளவுதான் விதி. 2002-இல் காடிலாக் செவில் எஸ்டிஎஸ்ஸில் வந்த காந்தத் திரவ டேம்பர் இந்த மாதிரி வேலைக்கென்றே செய்தது மாதிரி, காயிலில் மின்னோட்டம் ஏறினால் உள்ளே திரவம் இறுகும்.

குறையும் உண்டு. கெட்டியிலிருந்து தளர்வுக்குத் தாவும் கணத்தில் ஒரு சின்ன உதறல் வரும். காரில் சீட்டு அதை விழுங்கிவிடும். உங்கள் கருவி விழுங்காது. உங்களிடம் வாய்ஸ் காயில் இருக்கும்போது இந்த ஆன்-ஆஃப் விதி தேவையே இல்லை, தொடர்ச்சியான ஸ்கைஹூக் போடுங்கள். அது நேரியல்தான், அதில் வெட்கம் எதற்கு?

ஈர்ப்பலை_அக்கா

பாய் சொன்னது சரி, ஆனால் "மேசையின் தனி வேகத்தை அளந்து" என்று ஒரு வரியில் தாண்டிவிட்டார். எங்கள் துறையில் பாதி ஆட்களின் வாழ்க்கை அந்த ஒரு வரிக்குள்தான் போகிறது.

முதலில் ஜியோஃபோன். சந்தையில் சாதாரணமாகக் கிடைப்பது 4.5 ஹெர்ட்ஸ் வகை. அதற்குக் கீழே உணர்திறன் ஆக்டேவுக்கு 12 டெசிபெல் சரியும் (அதிர்வெண் பாதியானால் உணர்திறன் கால் பங்கு), ஃபேஸ் 180 பாகை திரும்பிவிடும். இவருடைய ஒத்ததிர்வோ 3 ஹெர்ட்ஸ்! அடக்க வேண்டிய இடத்தில் சென்சார் குறி மாறிப் பேசுகிறது. ஃபில்டர் போட்டு நிமிர்த்தலாம், ஆனால் நிமிர்த்தும்போது கீழ் அதிர்வெண்ணின் எலக்ட்ரானிக் இரைச்சலும் சேர்ந்து பெருகும்.

அடுத்தது சாய்வு. இப்போது செங்குத்து மட்டும்தான், நாளை கிடைத்திசைக்கும் மோட்டார் வைப்பீர்கள், அப்போது இது கழுத்தைப் பிடிக்கும். கிடைத்திசை சென்சாருக்கு மேசை சாய்வதும் மேசை முடுக்கமடைவதும் ஒன்றுபோலத்தான் தெரியும், புவியீர்ப்பின் ஒரு துண்டு உள்ளே வந்துவிடுகிறது. 1 ஹெர்ட்ஸில் 1 மைக்ரோரேடியன் சாய்வு, கால் மைக்ரான் நகர்ந்த மாதிரி தெரியும். 0.1 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் அதே சாய்வு 25 மைக்ரான் பொய் சொல்லும். அதிர்வெண் பத்தில் ஒன்றானால் பொய் நூறு மடங்கு. கண்ட்ரோலர் அந்தப் பொய்யை நம்பி மேசையைத் தள்ளும்.

அமெரிக்காவில் ஈர்ப்பலையைக் கண்டறியும் லிகோவில் ஹான்ஃபோர்ட், லிவிங்ஸ்டன் இரண்டு இடத்திலும் இதுதான் தலைவலி. 4 கிலோமீட்டர் கைகள், 40 கிலோ கண்ணாடி, நான்கு அடுக்கு ஊசல், அதற்கு மேலே ஆக்டிவ் மேடை. 10 ஹெர்ட்ஸுக்கு மேலே ஊசல்களே பார்த்துக்கொள்கின்றன. படாத பாடெல்லாம் 0.1 முதல் 0.3 ஹெர்ட்ஸ் வரை, கடல் அலைகள் நிலத்தைத் தட்டுவதால் வரும் அந்த ஓயாத ஆட்டத்தில். அங்கே கீழ் அதிர்வெண்ணில் இடப்பெயர்ச்சி சென்சாரையும், மேலே நிலநடுக்க வகை சென்சாரையும் கலந்து, எந்த இடத்தில் கை மாற்றுவது என்று மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். கண்ட்ரோலர்கள் பெரும்பாலும் நேரியல்தான். ஆனால் தூரத்தில் எங்கோ நிலநடுக்கம் வந்து அலை நெருங்கும்போது வேறொரு அமைப்புக்கு மாறிவிடுவார்கள். சத்தத்தைக் கொஞ்சம் சகித்துக்கொண்டு, பூட்டு (கண்ணாடிகளை ஒளியின் ஒத்திசைவில் பிடித்து வைத்திருப்பது) அவிழாமல் பார்த்துக்கொள்வதுதான் அப்போது முக்கியம். ஆட்டம் எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்து கண்ட்ரோலரே மாறுகிறது பாருங்கள், நேரியலற்ற தன்மை உள்ளே நுழைவது அந்த வாசலில்தான்.

ஐந்தோவன்_மழை

அக்கா கடைசியில் தொட்ட இடத்தைக் கொஞ்சம் விரிக்கிறேன். நெதர்லாந்தில் இந்தத் துறையில்தான் சோறு.

சிப் அச்சடிக்கும் இயந்திரத்தில் லென்ஸும் அளவுச் சட்டமும் ஏர் மவுண்ட் மேல் மிதக்கும், பக்கத்திலேயே வேஃபர் (சிப் அச்சாகும் சிலிக்கான் தட்டு) ஸ்டேஜ் வெறி பிடித்த மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். ஸ்டேஜின் எதிர்விசை சட்டத்துக்குப் போகாமல் இருக்க முதலில் செய்வது கண்ட்ரோலே இல்லை. ஸ்டேஜ் தள்ளுவதற்கு மிதக்கும் எதிர் எடை ஒன்றை வைத்துவிடுவார்கள், ஸ்டேஜ் இடப்பக்கம் போனால் எடை வலப்பக்கம் போகும். நேரியலற்ற கண்ட்ரோல் அதற்கெல்லாம் பிறகுதான் வரும். ஆனால் வருகிறது, அதுவும் நல்ல காரணத்தோடு.

நேரியல் கண்ட்ரோலருக்கு ஹென்ட்ரிக் போடே என்ற பொறியாளர் 1945-இல் போட்ட வேலி உண்டு. ஓர் அதிர்வெண்ணில் தடுப்பை ஆழமாக்கினால் வேறொரு அதிர்வெண்ணில் பெருக்கம் வந்தே தீரும், தண்ணீர் மெத்தையின் ஒரு மூலையில் கை வைத்தால் மறு மூலை எழும்புவது போல. கெயினின் சரிவையும் ஃபேஸையும் அவர் கட்டிப்போட்டிருக்கிறார். இன்டெக்ரேட்டர் (பிழையைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டே போவது) வேண்டும் என்றால் 90 பாகை பின்தங்கலையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

1958-இல் கிளெக் என்பவர் ஒரு வேலை செய்தார். சாதாரண இன்டெக்ரேட்டர், பிழை குறி மாறிய பிறகும் பழைய கணக்கின் பாரத்தால் பழைய பக்கமே தள்ளிக்கொண்டிருக்கும். பிழை பூஜ்ஜியத்தைத் தாண்டும் கணத்தில் இன்டெக்ரேட்டரையும் பூஜ்ஜியமாக்கிவிடு என்றார். முதல் ஹார்மானிக்கை (அடிப்படை அலையை) மட்டும் வைத்துக் கணக்கிட்டால், சரிவு அதே டெகேடுக்கு 20 டெசிபெல் (அதிர்வெண் பத்து மடங்கானால் வெளியீடு பத்தில் ஒன்று), பின்தங்கல் 90 போய் 38.15 பாகை. தாவல்தான் குறை, வெளியீடு வெடுக்கென்று பூஜ்ஜியத்துக்கு விழும்.

2017-இல் இங்கே ஐந்தோவனில் டீனன், ஹெர்ட்ஜஸ், ஹேமெல்ஸ் முதலானோர் ஹிக்ஸ் என்ற கலப்பு இன்டெக்ரேட்டரைக் கொண்டுவந்தார்கள். இன்டெக்ரேட்டராகத்தான் ஓடும். வெளியீடு, பிழையை ஒரு கெயினால் பெருக்கிய வரம்பைத் தாண்டப் பார்த்தால் உடனே வெறும் கெயினாக மாறி, பிழையோடு சேர்ந்து பூஜ்ஜியத்துக்கு இறங்கும். வெளியீடும் பிழையும் எப்போதும் ஒரே குறி, தாவல் கிடையாது, மேல் அதிர்வெண்ணில் அதே 38.15. முடுக்கத்தைத் தொகுத்து வேகமாக்கும் இடத்தில் இதை வைத்து ஸ்கைஹூக்கும் செய்து பார்த்திருக்கிறார்கள்.

இதைவிட எளிமையானதும், மாணவருக்கு உடனே உதவக்கூடியதும் மாறும் கெயின். ஹெர்ட்ஜஸும் ஸ்டைன்புக்கும் 2004-இல் டிவிடி பிளேயருக்குச் செய்தார்கள். பிளேயரைத் தட்டினால் பிழை பெரியது, கெயின் நிறைய வேண்டும். தட்டில் கீறல் இருந்தால் கெயின் குறைவாக வேண்டும், இல்லாவிட்டால் லென்ஸ் கீறலின் பின்னாலேயே போய்விடும். ஒரே நேரியல் கெயினால் இரண்டு பேரையும் திருப்திப்படுத்த முடியாது. சிறிய பிழைக்கு ஒரு கெயின், ஓர் எல்லையைத் தாண்டிய பகுதிக்கு மட்டும் கூடுதல் கெயின். உங்கள் மேசைக்கும் இரண்டு எதிரிகள்: ஓயாத சின்னத் தரை ஆட்டம், எப்போதாவது வரும் ஸ்டேஜின் பெரிய உதை.

நைக்விஸ்ட்_நேசன்

மாறும் கெயினுக்கு நான் எதிரியில்லை. ரீசெட் (கிளெக்கின் பூஜ்ஜியமாக்கல்), ஹிக்ஸ் பற்றித்தான் இரண்டு வார்த்தை.

38.15 பாகை என்பது ஒரே ஒரு சைன் அலை உள்ளே போனால் வருகிற எண். நிஜத்தில் மூன்றாவது, ஐந்தாவது ஹார்மானிக்கும் கூடவே பிறக்கும். 40 ஹெர்ட்ஸில் ஆடினால் 120, 200 ஹெர்ட்ஸிலும் விசை போகும், அங்கே சட்டத்தின் வளைவு அதிர்வு ஒன்று உட்கார்ந்திருந்தால் கதை முடிந்தது. இதைவிட மோசமானது கலப்பு. மெதுவான பெரிய ஊர்தல் ஒன்றின் மேல் சின்ன வேகமான ஆட்டம் சவாரி செய்தால், பிழை பூஜ்ஜியத்தைத் தாண்டுவதே அபூர்வம். ரீசெட் நடக்கவே நடக்காது, வேகமான ஆட்டத்துக்கு நீங்கள் சொன்ன ஃபேஸ் லாபம் ஒரு பாகைகூடக் கிடைக்காது. அக்கா சொன்ன சாய்வுப் பொய் இருக்கிறதே, அது அப்படிப்பட்ட பெரிய ஊர்தல்தான்.

ஐந்தோவன்_மழை

இரண்டும் உண்மை. அதனால்தான் முன்னால் ஊர்தலை வெட்டும் ஹைபாஸ், பின்னால் ஹார்மானிக்கை மழுக்கும் ஃபில்டர் என்று சுற்றி வேலி கட்டித்தான் வைப்போம், நிலைத்தன்மைக்கான நிரூபணமும் நிஜமாக அளந்த அதிர்வெண் பதிலை வைத்துச் செய்வோம். முதல் கண்ட்ரோலராக யாருக்கும் இதைச் சொல்ல மாட்டேன், மாணவருக்கும் சொல்லவில்லை.

ஸ்ப்ரிங்_பித்தன்

கண்ட்ரோலரில்தான் நேரியலற்ற தன்மை இருக்க வேண்டுமா? ஸ்ப்ரிங்கிலேயே வைத்துவிடுங்கள்! நடுவில் எடை தாங்கும் ஒரு ஸ்ப்ரிங், இரு பக்கமும் அமுக்கி வைத்த இரண்டு ஸ்ப்ரிங். பக்கவாட்டு ஜோடி சமநிலையில் எதிர்மறை விறைப்பு தரும், நடு ஸ்ப்ரிங்கின் விறைப்பைக் கழித்துவிடும். எடையைத் தாங்கும், ஆனால் சின்ன அசைவுக்கு விறைப்பு ஏறக்குறைய பூஜ்ஜியம். டேவிட் பிளாட்டஸ் இந்த வழியில் செய்த மேசைகள் மின்சாரமே இல்லாமல் 0.5 ஹெர்ட்ஸ் தருகின்றன. சாதாரண ஸ்ப்ரிங்கில் 0.5 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் எடை வைத்ததும் அது 1 மீட்டர் அமுங்க வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

சஸ்பென்ஷன்_பாய்

அழகான யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பூஜ்ஜியம் சரியான எடையில் மட்டும்தான் பூஜ்ஜியம். இவருடைய ஸ்டேஜ் நகர்ந்ததும் ஒவ்வொரு மூலைக்கும் வரும் சுமை மாறும், சமநிலைப் புள்ளி தப்பும், விறைப்பு திரும்பி வந்துவிடும். அசைவு பெரிதானால் விறைப்பு ஏறிக்கொண்டே போகும், அப்போது ஒரே அதிர்வெண்ணில் இரண்டு வீச்சு சாத்தியமாகி, ஒன்றிலிருந்து மற்றதற்குத் திடீரென்று தாவும் டஃபிங் வித்தையெல்லாம் காட்டும். அசையாத மைக்ரோஸ்கோப்புக்கு அருமை. மேலே வண்டி ஓட்டுகிற மேசைக்கு நான் வாங்க மாட்டேன்.

கிரானைட்_மாணவன்

ஒரு வழியாகத் தகவலோடு வருகிறேன். கேபிள்களைத் தளர்த்தி வளையமாகத் தொங்கவிட்டாயிற்று. போர்டு இப்போது 10 கிலோஹெர்ட்ஸ். ஸ்லைடிங் மோடை எடுத்துவிட்டு வெறும் ஸ்கைஹூக் போட்டேன். கைடு முகம் சுளித்தார், அளந்த வரைகோட்டைக் காட்டியதும் ஒன்றும் சொல்லவில்லை. ஜியோஃபோனை 1 ஹெர்ட்ஸ் வகையாக மாற்றினோம், 3 ஹெர்ட்ஸ் மேடு ஏறக்குறைய காணாமல் போய்விட்டது. ஸ்டேஜ் சும்மா இருக்கும்போது படம் நன்றாக வருகிறது.

மிச்சம் இருப்பது ஸ்டேஜ் நகர்ந்த பிறகு மேசை அடங்கும் நேரம். கெயினை ஏற்றினால் சீக்கிரம் அடங்குகிறது, ஆனால் சும்மா இருக்கும்போது சென்சார் இரைச்சல் படத்தில் வரி வரியாக விழுகிறது. இறக்கினால் நேர்மாறு. ஐந்தோவன் அண்ணன் சொன்ன மாறும் கெயின் இதற்குத்தான் என்று இப்போது உறைக்கிறது. எல்லையை எங்கே வைப்பது, நிலைத்தன்மையை எப்படி உறுதி செய்வது? பிழை என்று எதை எடுப்பது, வேகமா, இடப்பெயர்ச்சியா?

ஐந்தோவன்_மழை

முதலில் ஃபீட்ஃபார்வர்ட். ஸ்டேஜ் எப்போது, எவ்வளவு முடுக்கத்தில் நகரப்போகிறது என்று உங்களுக்கே முன்கூட்டித் தெரியும். 5 கிலோ ஸ்டேஜ் 1 மீட்டர்/செகண்ட்² முடுக்கமடைந்தால் 5 நியூட்டன் உதை, அது எடை மையத்துக்கு எவ்வளவு உயரத்தில் விழுகிறது என்பதை வைத்துத் திருப்புவிசையையும் கணக்கிடலாம். ஸ்டேஜ் இருக்கும் இடத்தை வைத்து எடை இடம் மாறியதற்கான திருப்புவிசையையும் கணக்கிட்டு, இரண்டையும் வாய்ஸ் காயில்களுக்கு முன்னாலேயே அனுப்பிவிடுங்கள். சுமாராகச் செய்தாலே உதையின் பெரும்பகுதி போய்விடும், மிச்சத்துக்குத்தான் மாறும் கெயின். நிலையான பங்கை மெதுவாக ஏர் ஸ்ப்ரிங்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள், காயில் சூடாகக்கூடாது.

பிழையாக வேகத்தையே எடுங்கள், உங்கள் ஃபீட்பேக் அதில்தான் ஓடுகிறது. மூலை மூலையாகச் செய்ய வேண்டாம். நான்கு ஜியோஃபோன்களைக் கூட்டிக் கழித்து மேல்-கீழ் அசைவு, இரண்டு சாய்வு என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி எல்லை. ஸ்டேஜ் சும்மா இருக்கும்போது அந்த வேகத்தின் ஆர்எம்எஸ் மதிப்பை (ஒருவகைச் சராசரி அளவை) எடுத்து, அதன் மூன்று மடங்கில் எல்லையை வைத்து ஆரம்பியுங்கள். அதற்குள் கூடுதல் கெயின் பூஜ்ஜியம், தாண்டிய அளவுக்கு மட்டும் நேராக ஏறட்டும். எல்லையில் வெளியீடு தாவாது, ஆகையால் பழைய ரீங்காரம் மாதிரி எதுவும் பிறக்காது.

நிலைத்தன்மைக்கு வட்ட நிபந்தனை (circle criterion) போதும். அடிப்படைக் கெயினோடு வளையத்தை மூடிவிட்டு, கூடுதல் கெயின் விசையைச் செலுத்தும் இடத்திலிருந்து பிழை வேகம் வரையிலான அதிர்வெண் பதிலை மேசையிலேயே அளந்து, ஃபீட்பேக்கின் மைனஸ் குறியைத் தனியே வைத்துவிட்டு நைக்விஸ்ட் தளத்தில் (மெய்ப்பகுதி கிடையாக, கற்பனைப்பகுதி செங்குத்தாக) வரையுங்கள். அதன் மெய்ப்பகுதி எந்த அதிர்வெண்ணில் மிக இடப்பக்கம் போகிறது என்று பாருங்கள். உதாரணத்துக்கு −0.2 வரை போனால் கூடுதல் கெயின் 5-க்குக் கீழே இருக்க வேண்டும், நான் 3-ஐத் தாண்ட மாட்டேன். ஸ்டேஜை இடது ஓரம், நடு, வலது ஓரம் மூன்றிலும் வைத்து அளந்து, மோசமானதை எடுங்கள். உங்கள் கைடு கேட்ட ரோபஸ்ட் அங்கேதான் இருக்கிறது. பெரும்பாலும் கட்டுப்படுத்துவது 3 ஹெர்ட்ஸ் பக்கமாக இருக்காது, சட்டம் வளையும் அந்த சில நூறு ஹெர்ட்ஸாகத்தான் இருக்கும். அப்படி வந்தால் அங்கே அந்த அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் ஒரு நாட்ச் ஃபில்டர் வைத்துவிட்டு மறுபடி அளந்து படத்தை இங்கே போடுங்கள், நேசனும் பார்க்கட்டும்.